உரசினால் திரும்ப வரும் தரை



தேனி அல்லிநகரத்தில் எந்தத் தெருவுக்குள் திரும்பினாலும் இப்போது ஏதாவது ஒரு வீட்டு வாசலில் பெயர்த்தெடுத்த மொசைக் கட்டிகள் குவிந்து கிடக்கின்றன. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அப்பாவோ தாத்தாவோ கட்டிய வீட்டைப் பிள்ளைகள் புதுப்பிக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் முதல் அடி தரையில் விழுகிறது. "மொசைக்கு மங்கிப் போச்சுண்ணே, பேத்துப் போட்டுட்டு டைல்ஸ் ஒட்டிருவோம்" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். மறுநாள் காலையில் உடைக்கிற மிஷின் வந்து நிற்கிறது.

வீடு பற்றிய கட்டுரைகளோடு வருகிற இந்த இதழில், ஆசிரியர் பக்கத்தை அந்தத் தரைக்காகவே எடுத்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் மொசைக் தரை இருக்கிறதா? அது எவ்வளவு மங்கியிருந்தாலும், கறை பிடித்திருந்தாலும், உடைக்கச் சொல்வதற்கு முன் ஒரு பாலிஷ்காரரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். இதுதான் என் வேண்டுகோள். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பீங்கான் டைல்ஸின் நிறமும் பளபளப்பும் மேலே இருக்கும் மெல்லிய பூச்சில் இருக்கின்றன. அந்தப் பூச்சு தேய்ந்தால் தேய்ந்ததுதான். மொசைக் தரையில் நிறம் உள்ளே வரைக்கும் போகிறது. வெள்ளை சிமெண்டும் பளிங்குச் சில்லும் கலந்து போட்ட மேலடுக்கு 6 மில்லிமீட்டரிலிருந்து 12 மில்லிமீட்டர் வரை கனமாக இருக்கும். சில்லு பெரிதாக ஆக அடுக்கின் கனமும் கூடும். பழைய தரையை ஒரு முறை மிஷின் ஓட்டிப் பாலிஷ் போட்டால் தேய்ந்து போவது பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதாவது, நாம் மங்கிவிட்டது என்று கைவிடுகிற தரைக்குக் கீழே, தாத்தா காலத்தில் போட்ட அதே சில்லு, அதே நிறம், வெளியே வராமல் இன்னும் பல அடுக்கு காத்திருக்கிறது. இருபது ஆண்டுக்கு ஒரு தடவை உரசினாலும் பேரப்பிள்ளைகள் காலம் வரை தாங்கும்.

உலகத்தில் டெராசோ என்று சொல்லப்படுகிற இந்தத் தரை இத்தாலியின் வெனிஸ் பகுதியில் உருவானது. பளிங்கு வேலை நடந்த இடங்களில் மிஞ்சிய துண்டுகளைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து, நீளக் கைப்பிடி மாட்டிய கனத்த கல்லை முன்னும் பின்னுமாக இழுத்து உரசி, கடைசியில் ஆளிவிதை எண்ணெய் தேய்த்து முடித்தார்கள். பழைய காவித் தரைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்த பாட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இது ஒன்றும் அந்நியமாகத் தோன்றாது. அங்கே வடகிழக்கில் இருக்கும் ஃப்ரியூலி வட்டாரத்துக் கைவினைஞர்கள் இந்தத் தொழிலைத் தூக்கிக்கொண்டு பல நாடுகளுக்குப் போனார்கள். தொழில் அழிந்துவிடக் கூடாது என்று 1922-இல் ஸ்பிலிம்பெர்கோ என்ற சிற்றூரில் மொசைக் கற்றுத்தர ஒரு பள்ளிக்கூடமே திறந்தார்கள். அது இன்றும் நடக்கிறது.

அதே 1922-இல்தான் பம்பாயில் பெரோஷா சித்வா, ரஸ்தோம் சித்வா என்ற இரு பார்சிகள், தரை ஓட்டுக்குக்கூட வெளிநாட்டுக் கப்பலை எதிர்பார்த்திருக்க வேண்டுமா என்ற சுதேசி எண்ணத்தில் பாரத் ஃப்ளோரிங்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். மகாத்மாவின் கதருக்குப் பக்கத்தில் வைத்துச் சொல்ல வேண்டிய கதை அது. நம் காலடியில் இருப்பதும் விடுதலைப் போராட்டக் காலத்தில் பிறந்த ஒரு தொழிலின் மிச்சம் என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் நிறைகிறது.

நம் பக்கத்துக் கதையும் சுவையானதுதான். வெள்ளை சிமெண்ட் இல்லாமல் வெளிர் நிற மொசைக் கிடையாது. இங்கிருந்து கம்பம், கூடலூர் தாண்டிக் குமுளி மலையேறி மேற்கே இறங்கினால் கோட்டயம். அங்கே நாட்டகத்தில் இருக்கும் திருவிதாங்கூர் சிமெண்ட்ஸ் ஆலை, வேம்பநாட்டு ஏரியின் அடியில் படிந்து கிடந்த சிப்பி ஓடுகளை வாரியெடுத்து வெள்ளை சிமெண்ட் செய்தது. வேம்பநாடு என்ற பெயரிலேயே அது விற்பனைக்கும் வந்தது. ராஜஸ்தானில் ஜே.கே. ஆலை 1984-இலும் பிர்லா ஒயிட் 1988-இலும் வந்து நாடு முழுக்கப் பரவுவதற்கு முந்தைய காலம் அது. அல்லிநகரத்தில் எழுபதுகளில் கட்டிய ஒரு வீட்டுக் கூடத்தில் அந்த ஏரியின் சிப்பி கலந்திருக்கக் கூடும்.

உரசுகிற கல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கார்போரண்டம் என்று நாம் சொல்வது சிலிகான் கார்பைடு. எட்வர்டு அச்சிசன் என்ற அமெரிக்கர் 1890களின் தொடக்கத்தில் மின் உலையில் செயற்கை வைரம் செய்யப் பார்த்தபோது கிடைத்த பொருள். வைரம் வரவில்லை, ஆனால் கடினத்தில் வைரத்துக்கு அருகே நிற்கும் ஒன்று வந்தது. 1893-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். சென்னையில் 1954-இல் முருகப்பா குழுமம் ஓர் அமெரிக்க நிறுவனத்தோடும் ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்தோடும் சேர்ந்து கார்போரண்டம் யுனிவர்சலைத் தொடங்கியது. ஐம்பதுகளின் இறுதியில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் விழுகிற லோயர் கேம்ப்பில் மின்நிலையமும் ஓடத் தொடங்கியது. கல் உள்நாட்டிலேயே கிடைக்கிறது, மிஷினுக்குக் கரண்டும் இருக்கிறது. நம் கம்பம் பள்ளத்தாக்கின் மொசைக் வீடுகளில் பெரும்பாலானவை அதற்குப் பின் வந்த முப்பது ஆண்டுகளில் எழுந்தவை. ஏலக்காயிலும் பஞ்சிலும் சம்பாதித்தவர்கள் கட்டிய பெரிய வீடுகளில் மட்டுமில்லை. வாத்தியார் வீடு, கூட்டுறவு வங்கி, ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், எல்லாவற்றிலும் அதே தரைதான்.

இனி வேலைக்கு வருகிறேன். புதிதாகப் போடுகிறவர்களுக்கும் பழையதை மீட்கிறவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பதால் சற்று நிதானமாகவே எழுதுகிறேன்.

முதலில் கீழே காங்கிரீட் படுக்கை. அதன் மேல் கண்ணாடியிலோ பித்தளையிலோ அலுமினியத்திலோ பட்டை நிறுத்திக் கட்டம் பிரிப்பார்கள். ஒரு கட்டம் 2 சதுர மீட்டருக்கு மேல் போகக் கூடாது. இந்தப் பட்டையைப் பலர் அழகுக்கு என்று நினைக்கிறார்கள். சிமெண்ட் காயும்போது சுருங்கும். சுருங்குகிற இடத்தில் வெடிக்கும். அந்த வெடிப்பு கண்ட இடத்தில் ஓடாமல் பட்டை ஓரத்தோடு நின்றுபோகத்தான் இந்த ஏற்பாடு. பிறகு வெள்ளை சிமெண்டு மூன்று பங்குக்குப் பளிங்குப் பொடி ஒரு பங்கு என்று எடைக்கணக்கில் கலந்து, வேண்டிய நிறப்பொடி சேர்த்து, அந்தக் கலவையைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு சில்லு சேர்த்துப் பரப்புகிறார்கள். உருளை ஓட்டி அழுத்தும்போது மேலே இன்னும் சில்லு தூவி அமுக்குவது உண்டு. கண்ணுக்குத் தெரிகிற பரப்பில் பெரும்பகுதி கல்லாக இருக்க வேண்டும். சிமெண்ட் அதைப் பிடித்து வைத்தால் போதும். சிமெண்ட் அதிகமாகத் தெரியும் தரை சீக்கிரம் தேயும், சீக்கிரம் அழுக்கேறும்.

பிறகு தண்ணீர் கட்டி ஈரம் காயாமல் வைக்க வேண்டும். கையால் உரசுவதானால் ஒன்றரை நாளில் தொடங்கலாம். மிஷின் ஓட்ட 7 நாள் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டு இரண்டு நாளில் மிஷினை ஏற்றினால் பிடிப்பில்லாத சில்லு பெயர்ந்து குழி விழும். கட்டட வேலை இழுத்துக்கொண்டே போகும்போது இந்த ஒரு வாரத்தைத் திருடத்தான் எல்லாருக்கும் தோன்றும். திருடாதீர்கள்.

முதல் கட்டிங் 60-ஆம் நம்பர் கல். நம்பர் குறையக் குறையக் கல் சொரசொரப்பு. தண்ணீர் விட்டுக்கொண்டே மிஷின் சுற்ற, அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெள்ளையாகப் பால் ஓடும். மேலே மூடியிருந்த சிமெண்ட் தோல் போய்ச் சில்லுகள் முகம் காட்டும். மேடு பள்ளம் சரியாவதும் இந்தக் கட்டத்தில்தான். கழுவிவிட்டுப் பார்த்தால் ஊசிக்கண் போலப் பொடிப் பொடி ஓட்டைகள் தெரியும். அதே நிற சிமெண்டைக் கூழாகக் கரைத்து அந்த ஓட்டைகளில் தேய்த்து அடைத்து, மறுபடி சில நாள் ஈரத்தில் வைக்கிறார்கள். வீட்டுக்காரர்களுக்கு ஒரு சொல்: தரை போட்ட அன்றே அந்த சிமெண்டிலும் நிறப்பொடியிலும் கொஞ்சத்தைக் காற்றுப் புகாமல் கட்டி எடுத்து வையுங்கள். நிறம் மூட்டைக்கு மூட்டை மாறும். பின்னால் கடைக்குப் போய்த் தேடினால் கிடைக்காது.

அடுத்து 120. மீண்டும் ஓட்டை அடைப்பு, மீண்டும் ஈரம். அதன் பிறகு 320. ஒவ்வொரு கல்லும் தனக்கு முந்தைய கல் போட்ட கீறலை எடுக்கத்தான் வருகிறது. 60 போட்ட கீறலை 120 எடுக்கும்; 320-ஆல் அதை எடுக்க முடியாது. நடுவில் ஒன்றைத் தாண்டிவிட்டு மேலே மெழுகு பூசி முடிக்கிற ஒப்பந்தக்காரர்களும் இருக்கிறார்கள். ஒப்படைக்கிற நாளில் கண்ணாடியாக மின்னும். நான்கைந்து தடவை துடைத்ததும் மெழுகு போய், வட்ட வட்டமாகக் கீறல் எழும்பும். கண்டுபிடிப்பது சுலபம். சாயங்கால வெயில் வாசல் வழியாகச் சாய்ந்து விழும் நேரத்தில் குனிந்து பாருங்கள். இல்லாவிட்டால் இரவில் ஒரு டார்ச் லைட்டைத் தரையோடு படுக்க வைத்து அடித்துப் பாருங்கள். மேலே எரிகிற டியூப் லைட் மறைப்பதையெல்லாம் அந்தச் சாய்ந்த வெளிச்சம் காட்டிவிடும்.

மூலையும் ஓரமும் பெரிய மிஷினுக்கு எட்டாது. அங்கே கை மிஷின். சுவரோரப் பட்டியிலும் படிக்கட்டிலும் பல இடத்தில் இன்றைக்கும் கைக்கல்தான். ஒரு பாலிஷ்காரரின் தரத்தைத் தெரிந்துகொள்ளக் கூடத்தின் நடுவைப் பார்க்காதீர்கள். கதவிடுக்கையும் படி மூக்கையும் பாருங்கள்.

கடைசியில் ஆக்ஸாலிக் அமிலம். மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பு ஒரு சதுர மீட்டருக்கு 33 கிராம் என்கிறது. பொடியைத் தூவி, தண்ணீர் தெளித்து, கம்பளித் துணிக் கட்டையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். பளிங்கிலும் சிமெண்டிலும் இருக்கிற கால்சியத்தோடு ஆக்ஸாலிக் அமிலம் சேர்ந்து, தண்ணீரில் கரையாத கால்சியம் ஆக்ஸலேட்டாக மிக மெல்லியதாகப் படிகிறது. பளபளப்பை அது கூட்டித் தருகிறது. சேனைக்கிழங்கும் சேப்பங்கிழங்கும் நாக்கை அரிப்பது இதே பொருளால்தான். ஆனால் ஆக்ஸாலிக் பொடி விஷம். கையுறை இல்லாமல் தொடக் கூடாது, சமையல் சாமான் பக்கத்தில் வைக்கக் கூடாது, குழந்தைகள் வீட்டில் இருக்கும்போது டப்பாவைத் திறந்து விடக் கூடாது. மிஞ்சியதைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு அலமாரியில் வைக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. தயவு செய்து வேண்டாம்.

இப்போது வைரத் துகள் பதித்த பேட் வந்துவிட்டது. 50-இல் தொடங்கி 100, 200, 400, 800 என்று 3000 வரை போகிறது. முகம் பார்க்கலாம் போல மின்னும். வேகமும் அதிகம். ஆனால் 3000 வரை போக முடிகிறது என்பதால் எல்லா இடத்திலும் அதுவரை போக வேண்டுமா? மொசைக் வேலையில் நான் மிகவும் மதிப்பது, எங்கே கையை நிறுத்துவது என்று தெரிந்திருப்பதை.

நாம் வீட்டுக்குள் செருப்புப் போடாதவர்கள். நம் தரையை முதலில் பார்ப்பது பாதம். சித்திரை வெயிலில் மத்தியானம் பாயைக்கூட விரிக்காமல் வெறும் மொசைக்கில் முதுகைச் சாய்த்தவர்களுக்கு அந்தக் குளிர்ச்சி தெரியும். கூடத்துக்கும் படுக்கை அறைக்கும் 320 வரை ஓட்டி ஆக்ஸாலிக் போடுவது நியாயம். வயதானவர்கள் நடமாடுகிற வீட்டில், கண்ணாடிப் பளபளப்புக்குப் போகாமல் மழமழப்பு மட்டும் வந்த நிலையில், ஒளி சிதறி மெத்தென்று தெரிகிற இடத்தில் நிறுத்துவதே நல்லது. ஈரக்காலோடு ராத்திரி எழுந்து வருகிற ஆத்தாவுக்கும் அய்யாவுக்கும் பளபளப்பைவிடப் பிடிமானம் முக்கியம். சமையலறையில் இன்னும் கவனம்: புளித்தண்ணீர், மோர், எலுமிச்சைச் சாறு எல்லாம் புளிப்பு; பளிங்கு சுண்ணாம்பு இனம். சிந்திய இடத்தில் பளபளப்பு வெந்துபோகும். அங்கே பளபளப்பைக் குறைத்து வைத்தால் அந்தத் தழும்பும் அவ்வளவாகத் தெரியாது. குளியலறைத் தரையை எந்தக் காரணத்துக்காகவும் கண்ணாடி போல் ஆக்கக் கூடாது.

வெளித்தரை வேறு சமாச்சாரம். திண்ணை, போர்டிகோ, வாசற்படி, மொட்டை மாடிப் படி எல்லாம் வெயிலும் மழையும் பங்கு போடுகிற இடங்கள். இயக்குநர் பாரதிராஜாவைத் தமிழ் சினிமாவுக்குத் தந்தது அல்லிநகரம்; அதனால் சினிமா உலகத்து வெளித்தரை ஒன்றையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் ஹாலிவுட்டில் சினிமாக்காரர்களின் பெயரைப் பதித்த நட்சத்திர நடைபாதையைப் படத்திலாவது நம் ஊர்க்காரர்கள் பார்த்திருப்பீர்கள். கருநிறத் தளத்தில் இளஞ்சிவப்பு நட்சத்திரம், ஓரத்தில் பித்தளை. அதுவும் டெராசோதான். 1960 முதல் திறந்தவெளியில் கிடந்து அத்தனை பேர் கால் மிதியையும் தாங்குகிறது; அங்கங்கே வெடிப்பதும் செப்பனிடுவதும் நடந்துகொண்டே இருக்கின்றன. அது மழை குறைந்த ஊர். நமக்கு ஐப்பசி கார்த்திகையில் அடைமழை. ஆகவே வெளியே 60-லேயே நிறுத்தலாம், மிஞ்சினால் 120. கைவைத்துத் தடவினால் சன்னமாகச் சொரசொரக்க வேண்டும். ஆக்ஸாலிக் பாலிஷும் மெழுகும் வெளித்தரைக்கு ஆகாது. மழைத் தண்ணீர் நிற்காமல் ஓடப் போதுமான சரிவு இருக்க வேண்டும். நின்ற இடத்தில் பாசி பிடிக்கும். பாசி பிடித்த மொசைக்கில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

நிறத்திலும் வித்தியாசம் இருக்கிறது. சிவப்பும் மஞ்சளும் கறுப்பும் இரும்பு ஆக்சைடிலிருந்து வருபவை; வெயிலுக்கு மசியாது. பச்சையில் குரோமியம் ஆக்சைடு கேட்டு வாங்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிற பகட்டான நிறப்பொடிகள் வெளியே சீக்கிரம் வெளுத்துப்போகும்.

நம் பள்ளத்தாக்கில் காற்றையும் கணக்கில் வைக்க வேண்டும். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே ஆடிக் காற்று, புதிதாகப் போட்ட மொசைக்கின் ஈரத்தை ஒரே மத்தியானத்தில் உறிஞ்சிவிடும். மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கிற தரை மயிரிழையாக வெடிக்கும். அதனால் ஆனி ஆடியில் வெளித்தரை போடுவதை முடிந்த வரை தள்ளிப் போடுங்கள். தள்ள முடியாவிட்டால் காற்று வருகிற பக்கம் தார்ப்பாய் கட்டி, நனைத்த சணல் சாக்கை விரித்து, சாக்கு காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய தரையைப் பாலிஷ் போடுவதற்குப் பங்குனி நல்ல மாதம். வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கு உறவுக்காரர்கள் வருவதற்குள் வீடும் காய்ந்து தயாராகிவிடும்.

வாசலில் இன்னொன்று. ஆயுத பூஜை, புது வண்டி, திருஷ்டி என்று எலுமிச்சம்பழத்தை போர்டிகோவில் நசுக்குகிறோம். அந்தச் சாறு அப்படியே காய்ந்தால் மொசைக்கில் வெளுத்த வட்டம் விழும்; துடைத்தாலும் போகாது. வழக்கத்தை விட வேண்டாம். நசுக்கியதும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டால் போதும்.

பழைய தரையை மீட்க நினைக்கிறவர்கள் முதலில் ஒரு கட்டையால் அங்கங்கே தட்டிப் பாருங்கள். வெற்றொலி கேட்கிற இடத்தில் அடிப்பிடிப்பு விட்டிருக்கிறது. அந்தக் கட்டத்தை மட்டும் எடுத்துப் புதிதாகப் போட்டால் போதும், தரை முழுவதையும் பெயர்க்க வேண்டியதில்லை. புதிய ஒட்டு பழைய நிறத்தோடு சேர வேண்டுமானால், உள்ளங்கை அளவு மாதிரி வார்த்து, காயவிட்டு, உரசி, பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு போக வேண்டும். பீரோக் கால் விட்ட துருக்கறையை ஆக்ஸாலிக்கே எடுத்துவிடும். விளக்கு மாடத்தடியில் ஊறிய எண்ணெய்க்கு சாக்பீஸ் பொடியைக் குழைத்து அப்பி, மூடி வைத்து, காய்ந்ததும் சுரண்டலாம். ஒரு தடவையில் போகாது; பொறுமையாக இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டும். சில கறை எதற்கும் போகாது. அம்மி கிடந்த இடம், தையல் மிஷின் நின்ற இடம் என்று வீட்டுக்காரர்கள் கை காட்டுகிற அந்த இடங்கள் அப்படியே இருந்தால் எனக்குப் பிடிக்கும்.

பாலிஷ் போட்ட தரையைக் கெடுப்பதில் முதலிடம் கழிவறை ஆசிட்டுக்கு. ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த அந்தத் திரவத்தைக் கூடத்தில் ஊற்றினால் அழுக்கோடு பளிங்கும் கரைகிறது. நுரை பொங்குவதைப் பார்த்து அழுக்கு போகிறது என்று மகிழ்கிறோம்; பொங்குவது தரை. தினமும் சுத்தத் தண்ணீரில் துடைப்பதே போதும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசியாக ஒரு தடவை நல்ல தண்ணீரில் துடையுங்கள், வெள்ளை படராது.

மிஷினிலிருந்து ஓடுகிற பாலைச் சாக்கடையில் விடுவதும் தவறு. சிமெண்ட் கலந்த அது குழாய்க்குள் இறுகிக் கல்லாகும். மரத்தடியில் விட்டால் மண்ணைக் கெடுக்கும். ஒரு டிரம்மில் பிடித்துத் தெளியவிட்டால் மேலே இருக்கிற தண்ணீரை மறுபடி மிஷினுக்கே விடலாம். அடியில் படிந்ததைக் காயவைத்துக் கட்டடக் கழிவோடு சேர்க்கலாம்.

இந்த வேலை செய்கிறவர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பக்கத்தை முடிக்க எனக்கு மனமில்லை. நாள் முழுக்கக் குத்தவைத்தோ குனிந்தோ ஈரத்தில் செய்கிற வேலை. தண்ணீருக்குள் கரண்ட் மிஷின். ஒட்டுப் போட்ட ஒயரோடு மிஷின் வந்தால் வேலையை ஆரம்பிக்க விடாதீர்கள். உங்கள் வீட்டில் மின்கசிவைக் கண்டதும் கரண்டைத் துண்டிக்கிற பிரேக்கர் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கேட்டு உறுதி செய்யுங்கள். தண்ணீர் விட்டு உரசும்போது தூசி அடங்குகிறது. அவசரத்துக்கு மூலைகளைக் காய்ந்தபடியே அறுக்கும்போது பறக்கிற தூசியில், அடிக் காங்கிரீட்டின் மணலிலிருந்து வரும் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் அறிவிக்கை செய்ய வேண்டிய நோய்களில் ஒன்றாக அதைச் சேர்த்திருந்தது. மூக்கில் துண்டைக் கட்டினால் தீராது. நல்ல முகமூடியை வீட்டுக்காரரே வாங்கித் தந்தால் என்ன குறைந்துவிடும்? தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994 முதல் இருக்கிறது. உங்கள் வீட்டில் வேலை செய்கிறவரிடம் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால், பதிந்துகொள்ள அவருக்கு உதவுங்கள். படிவம் நிரப்பத் தெரிந்த பிள்ளைகள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள்.

டைல்ஸ் வந்த பிறகு மொசைக் பாலிஷ்காரர்களில் பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களின் பிள்ளைகள் மிஷினைத் தொடுவதில்லை. அதனால்தான் "பாலிஷ் போட ஆளே இல்லை, பேத்துருவோம்" என்ற பேச்சும் வருகிறது. ஆள் இருக்கிறார்கள், அவர்களைத் தேடுகிறவர்கள்தான் குறைந்துவிட்டார்கள். தேனி, போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் பக்கங்களில் இந்த வேலை தெரிந்தவர்கள் உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவர்களிடம் சம்மதம் கேட்டுவிட்டு எங்கள் அலுவலகத்துக்கு ஒரு கார்டு போடுங்கள். ஊர் வாரியாகத் தொகுத்து வெளியிடுகிறோம். தொழில் செய்கிறவர்களும் நேரடியாக எழுதலாம். விளம்பரக் கட்டணம் எதுவும் கிடையாது.

உங்கள் வீட்டு மொசைக் தரையின் படத்தையும் அனுப்புங்கள். எந்த வருடம் போட்டது, என்ன நிறம், சில்லு பெரிதா பொடியா, நடுவில் பூ வேலை இருக்கிறதா என்று இரண்டு வரி எழுதினால் போதும். படம் எடுக்கும்போது தரையைத் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு, சாயங்கால வெளிச்சத்தில் எடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்